இந்த 33 எந்த ஊர்க் காற்று? கட்டமைப்புக் கணக்குக்கு மென்பொருள் தேடும் புதியவருக்கு

கிழக்கிலங்கையில், ஒலுவிலில் பொறியியல் முடித்தவர்களும் டிப்ளோமாக்காரரும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான். "அண்ணன், ஈடாப்ஸ் படிக்கிறதா, ஸ்டாட் புரோ படிக்கிறதா?" இரண்டும் கட்டடம் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடும் மென்பொருள்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர்களும் சந்தோஷமாக எழும்பிப் போவார்கள். எனக்குத்தான் வாய் வராது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் விட்ட ஒரு பிழை அதற்குக் காரணம்.

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கூரை போட வேண்டியிருந்தது. அகலம் 20 மீற்றர், 5 மீற்றருக்கு ஒரு இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்), மேலே தகரம். கொழும்பில் வேலை செய்த நண்பன் ஒருவன் தந்த எக்செல் தாளில் அளவுகளை மட்டும் மாற்றினேன். விடை வந்தது, அச்செடுத்தேன். சரிபார்க்கக் கொடுத்த மூத்த பொறியியலாளர் முதல் பக்கத்திலேயே விரலை வைத்தார்.

"தம்பி, இந்த 33 எந்த ஊர்க் காத்து?"

காற்றின் வேகத்துக்கான கட்டம் அது. வினாடிக்கு 33 மீற்றர் என்று நண்பன் எப்போதோ போட்டு வைத்திருந்தான். நான் அதைப் பார்க்கவே இல்லை. கேட்டவரோ 1978 நவம்பர் 23 சூறாவளியின்போது மட்டக்களப்பில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தவர். தகரம் பறந்ததைக் கண்ணால் பார்த்த மனிதரிடம் "கொழும்புக் காற்று சேர்" என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சூறாவளிக்குப் பிறகு, 1980இல், பலத்த காற்றுக்குத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கென்று அரசு ஒரு கையேடு வெளியிட்டது. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, சாதாரண கட்டடங்களுக்கு 49, 43, 33 என்றும், அனர்த்தத்துக்குப் பின்னும் இயங்க வேண்டிய ஆஸ்பத்திரி போன்றவற்றுக்கு 54, 47, 38 என்றும் வேகம் கொடுக்கிறது. எங்கள் கரையோரம் முதலாம் வலயம், கொழும்பு மூன்றாம் வலயம். அம்பாறையில் உள்ளே போகப் போக வரைபடத்தில் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

33க்கும் 49க்கும் இடையே ஒன்றரை மடங்குதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 0.613ஐ வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், 33க்கு சதுர மீற்றருக்கு 0.67 கிலோநியூட்டன், 49க்கு 1.47. என் கூரையில் ஒரு தூணுக்கு 50 சதுர மீற்றர் பங்கு. காற்று கூரையை மேலே இழுக்கும் குணகத்தை 1 என்று வைத்து, காற்றுக்கு 1.4 பாதுகாப்புக் காரணி போட்டு, தகரமும் இரும்புமாகச் சதுர மீற்றருக்கு 0.2 கிலோநியூட்டனைக் கழித்தால், 33இல் தூணை மேலே இழுக்கும் விசை ஏறத்தாழ 37 கிலோநியூட்டன். 49இல் 93. அதை நிறையால் மட்டும் பிடித்து வைக்க வேண்டுமானால், மேலே நிரப்பும் மண்ணைச் சேர்க்காமல், தூணொன்றுக்கு நாலு கன மீற்றர் கொங்கிறீட் வேண்டும். மாரியில் நிலத்தடி நீர் அத்திவாரத்துக்கு மேலே வந்துவிட்டால் மிதப்பில் நிறை குறையும், அப்போது ஆறரை கன மீற்றர். நான் வரைந்திருந்த அத்திவாரத்தில் ஒன்றுகூட இல்லை.

எக்செல் கூட்டிப் பெருக்கியதில் ஒரு குறையும் இல்லை. ஆகவே மென்பொருள் தேர்வை நான் பெயரிலிருந்து தொடங்குவதில்லை.

முதலில் வேலையைப் பாருங்கள்

கடந்த ஆறு மாதத்தில் உங்கள் கைக்கு, அல்லது நீங்கள் சேரப்போகும் அலுவலகத்துக்கு, வந்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இரண்டு தட்டு வீடு, காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒடுங்கிய காணியில் மூன்று நாலு தட்டுக் கடை, ஆலை அல்லது நெல் களஞ்சியக் கூரை, நீர்த்தாங்கி, தாங்குசுவர், எப்போதாவது ஒரு பாடசாலை மண்டபம். யூடியூப் பாடங்களிலோ எப்போதும் இருபது மாடிக் கோபுரம். அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஏறாவூரில் உங்களிடம் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

அப்புறம் நியமம்

யார் கையெழுத்து வைக்கப் போகிறாரோ அவரிடம் எந்தக் கோட், அதாவது எந்த நாட்டு வடிவமைப்பு நியமம், என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு மென்பொருளைத் திறக்காதீர்கள்.

பிரித்தானிய நியமங்களான பிஎஸ் 8110 (கொங்கிறீட்), பிஎஸ் 5950 (இரும்பு) இரண்டும் 2010 மார்ச்சில் அங்கேயே விலக்கப்பட்டு ஐரோப்பிய நியமமான யூரோகோட் வந்துவிட்டது. இங்கே பிஎஸ்ஸும் யூரோகோட்டும் புழக்கத்தில் இருக்கின்றன. பழையவர்களின் கை பிஎஸ் 8110இல் ஓடும், படித்துவிட்டு வருகிறவர்கள் யூரோகோட் 2இல் வருவார்கள். இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று நுழைகிறது. தமிழில் கிடைக்கும் ஈடாப்ஸ், ஸ்டாட் பாடங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவர்களுக்கு இந்திய நியமமான ஐஎஸ் 456. பாடம் நல்ல பாடம்தான். ஆனால் அதைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை, நிலையான சுமைக்கும் (கட்டடத்தின் சொந்த நிறை) இயங்கு சுமைக்கும் (ஆட்கள், தளபாடம்) ஒரே 1.5 பாதுகாப்புக் காரணியைப் போட்டுக்கொண்டு வருகிறது. பிஎஸ் 8110இல் அது 1.4, 1.6. யூரோகோட்டில் 1.35, 1.5. அமெரிக்க ஏசிஐயில் 1.2, 1.6. சுமையை ஒரு கோட்டிலும் கம்பியை இன்னொரு கோட்டிலும் எடுத்தால், பாதுகாப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கொங்கிறீட் வலிமையிலும் இதே சிக்கல் உண்டு. பிஎஸ்ஸிலும் ஐஎஸ்ஸிலும் 30 (சதுர மில்லிமீற்றருக்கு நியூட்டன்) என்றால் கன சதுர மாதிரியின் வலிமை. யூரோகோட்டிலும் ஏசிஐயிலும் உருளை மாதிரி. யூரோகோட்டில் சி25/30 என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது அதனால்தான்: உருளைக்கு 25, கனத்துக்கு 30. உருளை கேட்கிற பெட்டியில் கனத்தின் 30ஐப் போட்டால், இல்லாத வலிமையை நம்பிக் கட்டுகிறீர்கள். ஈடாப்ஸில் யூரோகோட்டைத் தெரிவு செய்தால் எந்த நாடு என்றும் கேட்கும். சும்மா ஒன்றைக் கிளிக் பண்ணிவிட்டுப் போகாதீர்கள். பொது யூரோகோட்டில் 1.0 ஆக இருக்கும் ஒரு கொங்கிறீட் குணகம், பிரித்தானியாவைத் தெரிவு செய்ததும் 0.85 ஆகிவிடும்.

காற்றுக்கு வருவோம். அந்த 49 என்பது 3 வினாடி வீச்சின் வேகம், பழைய பிரித்தானிய சிபி 3 முறையோடு ஒத்துப்போவது. பிஎஸ் 6399இன் காற்றுப் பகுதி கேட்பது ஒரு மணி நேரச் சராசரி. யூரோகோட் கேட்பது 10 நிமிடச் சராசரி. அமெரிக்க ஏஎஸ்சிஇ 7 கேட்பதும் 3 வினாடி வீச்சுத்தான், ஆனால் அதன் புதிய பதிப்புகளில் வேகத்துக்குள்ளேயே பாதுகாப்புக் காரணி கலந்திருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் "காற்று வேகம்" என்றுதான் போட்டிருக்கும். வீச்சு வேகத்துக்கும் மணிநேரச் சராசரிக்கும் சுமார் ஒன்றரை மடங்கு வித்தியாசம். மாறிப் போட்டால் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் பிழைக்கும். கூடப் போனாலென்ன, பாதுகாப்புத்தானே என்று ஒரு தம்பி கேட்டார். அந்தக் கூடுதல் இரும்புக்குக் காசு கொடுக்கிறவர் வயலை ஈடு வைத்துக் கட்டுகிறவராக இருக்கலாம். நாங்கள் இன்றும் காற்றைக் கையால் கணக்கிட்டு, விசையாகவே மென்பொருளில் கொடுக்கிறோம்.

மூன்றாவது, ஒரு பீமைக் கையால் செய்யுங்கள்

கல்லடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 5 மீற்றர் பீம், இரு முனையும் சும்மா தாங்கியிருக்கிறது, 3 மீற்றர் அகலத்துக்கு சிலாப்பைத் தாங்குகிறது, மேலே சுவர் இல்லை. சிலாப் 125 மில்லிமீற்றர் என்றால் நிறை சதுர மீற்றருக்கு 3 கிலோநியூட்டன், தரைப்பூச்சுக்கு 1, வீட்டுக்கு இயங்கு சுமை 1.5. பிஎஸ் முறையில் 4ஐ 1.4ஆலும் 1.5ஐ 1.6ஆலும் பெருக்கிக் கூட்டினால் சரியாக 8. மூன்று மீற்றருக்கு 24, பீமின் சொந்த நிறைக்கு இன்னும் 2, ஆக மீற்றருக்கு 26 கிலோநியூட்டன். நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் பீமை வளைக்கும் திருப்புத்திறன் 81 கிலோநியூட்டன் மீற்றர்.

பீம் 225க்கு 400 மில்லிமீற்றர். கடல் பக்கம் என்பதால் கவர், அதாவது கம்பியை மூடும் கொங்கிறீட், 35 வைத்தேன். வளையம் 10, கம்பி 20 என்றால் பயன்படும் ஆழம் 345. கொங்கிறீட்டின் வலிமை 30, கம்பியின் வலிமை 460. கணக்கிட்டால் 619 சதுர மில்லிமீற்றர் கம்பி வேண்டும். 20 மில்லிமீற்றர் கம்பி இரண்டு போட்டால் 628. மட்டுமட்டாகப் போதும்.

இதை ஒருமுறை பென்சிலால் செய்தவருக்கு, மென்பொருள் 1,400 என்று காட்டினால் வயிற்றைப் பிசையும். செய்யாதவர் நாலு கம்பியை வரைந்து அனுப்பிவிடுவார். எனவே புதியவருக்கு நான் முதலில் சொல்லும் மென்பொருள் எக்செல்தான். காசில்லையென்றால் லிப்ரே ஆபிஸ். பீம், சிலாப், தூண், அத்திவாரம் என்று நாலு தாளை நீங்களே செய்யுங்கள். மற்றவன் செய்த தாளால் எனக்கு வந்த வினையைத்தான் மேலே சொன்னேனே. சூத்திரம் கட்டத்துக்குள் மறைந்திருப்பது பிடிக்காவிட்டால் எஸ்மாத் என்று ஒன்று இருக்கிறது. கொப்பியில் எழுதுவது போலச் சமன்பாடு கண்ணுக்குத் தெரியும், சரிபார்க்கிறவருக்கும் நிம்மதி.

இனிப் பெயர்கள்

ஈடாப்ஸ் கட்டடத்துக்கென்றே பிறந்தது. தட்டுத் தட்டாக யோசிக்கும். நாலு தட்டுக் கடைக்கு அருமை, ஆலைக் கூரைக்கு இழுபறி. அதே நிறுவனத்தின் சாப் 2000 எந்த உருவத்துக்கும் வளையும், டிரஸ்ஸுக்கும் நீர்த்தாங்கிக்கும் அது வசதி. சேஃப் அவர்களுடைய மூன்றாவது, சிலாப்புக்கும், கட்டடத்தின் அடி முழுக்க விரியும் பரப்பு அத்திவாரத்துக்கும். ஸ்டாட் புரோவில் இரும்புச் சட்டக வேலை வேகமாகப் போகும். எனக்கு அதில் பிடித்தது வேறு: அதன் கோப்பு வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து, என்ன சுமை கொடுத்திருக்கிறார்கள் என்று வரி வரியாக வாசிக்கலாம். மற்றவருடைய வேலையைச் சரிபார்க்க இதைவிட நல்லது இல்லை.

எங்கள் அளவு அலுவலகத்துக்கு எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், நான் புரோகொன் என்பேன். தென்னாபிரிக்காவில் செய்தது. முழுக் கட்டடத்தையும் ஒரே மாதிரியுருவில் போடாமல், தொடர் பீம், தூண், அத்திவாரம், தாங்குசுவர் என்று தனித்தனிக் கருவியாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றும் படத்தோடு கணக்குத் தாள் தரும், பிஎஸ்ஸும் யூரோகோட்டும் உள்ளே இருக்கின்றன. இரண்டு தட்டு வீட்டுக்கு அது தாராளம். டெக்லா டெட்ஸும் அதே பாங்கு. ஆட்டோடெஸ்கின் ரோபோ, அதே நிறுவனத்தின் வரைதல் மென்பொருளான ரெவிட்டில் வரைகிறவர்களுக்கு வசதி. அந்த நிறுவனம் மாணவருக்கு இலவசமாகக் கொடுப்பதால் படிக்கும்போதே பழகலாம்.

இலவசமாக ஒன்று வேண்டுமென்றால் எஃப்டூல். பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த சின்ன மென்பொருள். ஒரு தளத்தில் உள்ள சட்டகம், டிரஸ், பீம் மட்டும்தான் செய்யும். திருப்புத்திறன் வரைபடம் எப்படி வளைகிறது என்று பழக இதைவிட எளிது நான் பார்க்கவில்லை. கம்பிக் கணக்கு தராது, அது உங்கள் வேலை.

இவை பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடும். ஓரளவான மடிக்கணினி போதும்.

மண்ணைக் கேட்காத மென்பொருள் இல்லை

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள கீற்றில் மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். மேற்கே வயல் பக்கம் போனால் களி. பரப்பு அத்திவாரத்துக்கு மென்பொருள் மண்ணின் விறைப்பைக் கேட்கும். கையில் தாங்குதிறன் மட்டும் இருந்தால், பாதுகாப்புக் காரணி 3 வைத்து எடுத்த தாங்குதிறனை 120ஆல் பெருக்கித் தொடக்க மதிப்பாக வைப்பது வழக்கம். தாங்குதிறன் சதுர மீற்றருக்கு 100 கிலோநியூட்டன் என்றால் விறைப்பு கன மீற்றருக்கு 12,000. அதோடு விடாமல், பாதியாக்கி ஒருமுறையும் இரட்டிப்பாக்கி ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். கம்பி பெரிதாக மாறவில்லையென்றால் சரி. தலைகீழாக மாறினால், மண் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேச வேண்டிய நேரம் அது.

லைசென்ஸ்

விலை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியபோது, ஆண்டு வாடகை கட்டிக்கொண்டிருந்த அலுவலகங்கள் பட்ட பாடு தெரியும். அதனால் எல்லாரும் கிராக் போட்டுத் தருகிறவரைத் தேடிப் போகிறார்கள். நல்லொழுக்கம் பேச வரவில்லை, ஒரு அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மடிக்கணினியில் அப்படிப் போட்டதோடு வைரஸும் வந்து, மூன்று வருடக் கோப்புகள் பூட்டிக்கொண்டன. வேலை முடிந்த கட்டடங்களுக்குக் கணக்கே இல்லாமல் போனது. மாணவர் லைசென்ஸில் கட்டணத்துக்கு வேலை செய்யவும் கூடாது. நாலு பேர் சேர்ந்து ஒரு லைசென்ஸ் வாங்க நினைத்தால், நிபந்தனை இடம் கொடுக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், பெரிய வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுத்துவிட்டு, சின்ன வேலையைச் சொந்த எக்செலில் செய்வது கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

வாங்கும் முன் ஒரு பின்னேரம்

சோதனைப் பதிப்பு கிடைத்தால் பெரிய கட்டடத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள். 6 மீற்றர் பீம் ஒன்று, மீற்றருக்கு 10 கிலோநியூட்டன், சொந்த நிறை பூச்சியம். நடுவில் திருப்புத்திறன் 45 வர வேண்டும், முனைகளில் தாங்கும் விசை 30. நடுவில் திருப்புத்திறன் 15 வந்தால், நீங்கள் சும்மா தாங்கியதாக நினைத்த முனைகளை அது இறுகப் பிடித்திருக்கிறது. அதை எங்கே தளர்த்துவது என்று தேடுங்கள். அந்தத் தேடலிலேயே பாதி மென்பொருள் படிந்துவிடும்.

அடுத்து கல்லடிப் பீம். கையால் வந்த 619க்கு அருகில் வருகிறதா? பிறகு, கட்டி முடித்த ஒரு இரண்டு தட்டு வீட்டைப் போட்டு, தாங்கிகளின் மொத்த விசையை எடுங்கள். சுவரும் சேர்த்து, காரணி போடாமல், தட்டொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 10 கிலோநியூட்டன் என்று நான் மனக்கணக்கு வைத்திருக்கிறேன். நடுத்தூணுக்கு 16 சதுர மீற்றர் பங்கு, இரண்டு சிலாப் என்றால் 320. மென்பொருள் 415 அளவில் சொன்னால் அநேகமாக சிலாப்பின் நிறை இரண்டு முறை ஏறியிருக்கும். ஈடாப்ஸ் சிலாப்பின் நிறையைத் தானாகவே எடுக்கும். அது தெரியாமல் அந்த 3ஐத் தரைப்பூச்சோடு சேர்த்துக் கொடுக்காத புதியவரை நான் இன்னும் காணவில்லை. நானும் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக, கணக்குத் தாளை அச்செடுத்துக் கையெழுத்து வைப்பவரிடம் கொடுங்கள். அவரால் பின்தொடர முடியாத இருநூறு பக்கம் வந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அது உங்கள் அலுவலகத்துக்குச் சரிவராது. கம்பிப் பட்டியலையும் பாருங்கள். மென்பொருள் 25, 32 என்று தாராளமாக எழுதும். பக்கத்து ஹார்ட்வெயாரில் என்ன கிடைக்கும் என்று கேட்டு, 10, 12, 16, 20 என்று நீங்களே பட்டியலைக் கட்டுப்படுத்துங்கள். இல்லையென்றால் தளத்தில் மேசன் தன் கணக்குக்கு மாற்றிக் கட்டிவிட்டுத்தான் உங்களுக்குச் சொல்வார்.

கோப்பு

புதிய பதிப்பில் சேமித்த ஈடாப்ஸ் கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் பதிப்பின் எண், கோட், கொங்கிறீட் கனமா உருளையா, காற்று வலயம், வேகம், அது எத்தனை வினாடி வேகம், மண்ணின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுதி, கோப்புறைக்குள்ளும் காகிதத்திலும் வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தின் முதல் வரி, "எந்த ஊர்க் காற்று?" அதை நிரப்பாமல் கொண்டுபோனால் அந்த மூத்தவர் இன்றும் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டார்.